ஒரே ஸ்குவாட், நாற்காலி முதல் ராடு வரை

14 மாசம் ஜிம்முக்குப் போன பிறகும், ஆபீஸில் தண்ணீர் கேனைத் தூக்கி டிஸ்பென்சர் மேல் கவிழ்க்க என்னால் முடியவில்லை. 20 லிட்டர் கேன், தண்ணீர் எடை மட்டுமே 20 கிலோ. கேன் போடும் பையன் அன்றைக்குக் கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். செப்டம்பர் மாசம், ஆடிட் வேலை தலைக்கு மேல் இருந்த நேரம், எல்லோருக்கும் தாகம். கழுத்தைப் பிடித்து இழுத்தேன், முழங்கால் உயரம் வரை வந்தது, அதற்கு மேல் முதுகு சுளீரென்றது, அப்படியே இறக்கி வைத்துவிட்டேன். ஆபீஸில் பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பிகள் இரண்டு பேர் ஓடிவந்து தூக்கிவைத்தார்கள்.

வீட்டுக்கு ஸ்கூட்டியில் வரும் வழியெல்லாம் இதே யோசனை. வாரத்துக்கு 5 நாள் போகிறேன், வியர்வை கொட்டுகிறது, மறுநாள் மாடிப்படி இறங்க முடியாத அளவுக்குத் தொடை வலிக்கிறது, அப்படியிருந்தும் பலம் மட்டும் ஏன் வரவில்லை?

பதில் அந்த ஜிம்மின் வெள்ளைப் பலகையிலேயே இருந்தது. லேடீஸ் பேட்சுக்கு வாரம் ஒரு புது லிஸ்ட் எழுதுவார்கள். இந்த வாரம் உட்கார்ந்து குதித்து எழுகிற ஜம்ப் ஸ்குவாட், அடுத்த வாரம் காலை அகட்டி சுமோ ஸ்குவாட், அதற்கடுத்த வாரம் காலைக் குறுக்கே போட்டுக் குனிகிற கர்ட்சி லஞ்ச், அப்புறம் கிக்-பேக், அப்புறம் பந்து வைத்து ஏதோ ஒன்று. கையில் எப்போதும் 2 கிலோ டம்பெல்தான். கேட்டால், "உடம்பு பழகிடக் கூடாது மேடம், மாத்திக்கிட்டே இருக்கணும்" என்பார்கள். நானும் நம்பினேன். புதுசாக ஒன்றைச் செய்யும் ஒவ்வொரு முறையும் வலித்தது, வலித்தால் வளர்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உண்மை வேறு. பழக்கமில்லாத வேலையை உடம்பு செய்தால் மறுநாள், அதற்கு மறுநாள் வலிக்கும், அவ்வளவுதான். வருஷம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஒருநாள் வீட்டுக்கு வெள்ளையடித்தாலும் அதே வலி வரும். ஆரம்ப வாரங்களில் நமக்குக் கூடுகிற பலத்தில் பெரும்பங்கு, மூளையும் நரம்பும் அந்த அசைவைக் கற்றுக்கொள்வதால் வருவது. எந்தத் தசையை எப்போது, எவ்வளவு வேகமாக இழுக்கவேண்டும் என்று உடம்பு படித்துக்கொண்டிருக்கும்போதே பாடத்தை மாற்றினால் என்ன ஆகும்? திங்கட்கிழமை சைக்கிள், செவ்வாய் ஸ்கூட்டர், புதன் ஆட்டோ என்று ஓட்டிப் பழகினால் எதுவுமே கை வராது. கூடவே எடையும் ஏறாது. வாரம் ஒரு பயிற்சி என்றால் போன தடவை எவ்வளவு தூக்கினோம் என்று ஒப்பிட்டுப் பார்க்கவே வழி கிடையாது. 14 மாசமும் 2 கிலோவிலேயே நின்றது அதனால்தான்.

அங்கிருந்து நின்றுவிட்டு, மதுரை காளவாசல் பக்கம் பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் ஒரு பழைய ஜிம்முக்குப் போனேன். ஏசி இல்லை, பாட்டு இல்லை, துருப்பிடித்த பிளேட்கள். மாஸ்டர் முன்பு பளுதூக்கும் போட்டிகளுக்குப் போனவர். முதல் நாள் அவர் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. எடை பார்க்கும் மெஷினில் என்னை நிறுத்தி எடை பார்த்தார், பிறகு பிளேட் மாட்டுகிற இரும்பு ராடுகளை ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்து மறுபடியும் நிற்கச் சொன்னார். கழித்துப் பார்த்தால் ஒரு ராடு 8 கிலோ, இன்னொன்று 12, பெரிய ராடு மட்டும் சரியாக 20. பளுதூக்கும் போட்டியில் ஆண்களுக்கு 20 கிலோ ராடு, பெண்களுக்கு 15 கிலோ. நம்மூர் ஜிம்களில் கிடக்கும் ராடுகளில் பல அந்தக் கணக்குக்குள் வராது, அதனால் ராடு எடையைத் தெரிந்துகொள்ளாமல் பிளேட்டை மட்டும் எண்ணிக்கொண்டு இருந்தால் நோட்டில் எழுதுவதெல்லாம் தப்பாகிவிடும். பிறகு சொன்னார்: "அக்கா, இந்த ஆறு வாரம் நாலே நாலுதான். உக்காந்து எந்திரிக்கிறது, குனிஞ்சு தூக்குறது, தள்ளுறது, இழுக்குறது. வேற எதையும் தொடாதீங்க."

நாலுதானா என்று இருந்தது. பிறகுதான் புரிந்தது, அந்த நாலில் ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து வடிவங்கள் இருக்கின்றன, அதில் இன்றைய என் உடம்புக்கு எது சரி என்று கண்டுபிடிப்பதுதான் மாஸ்டரின் வேலை. முந்தைய ஜிம்மிலும் வடிவங்கள்தான், இங்கேயும் வடிவங்கள்தான். அங்கே சலிப்புத் தட்டக் கூடாது என்று மாற்றினார்கள். இங்கே காரணம் இருந்தால்தான் மாற்றுவார்.

உட்கார்ந்து எழுவதை, அதாவது ஸ்குவாட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதிகம் திணறியது அதில்தான்.

முதலில் பெஞ்ச் முன்னால் நின்று, அதன்மேல் மெதுவாக உட்கார்ந்து, எழுந்திருக்கச் சொன்னார். தொப்பென்று விழக் கூடாது, மூன்று எண்ணி இறங்கவேண்டும், பெஞ்ச் தொட்டதும் எழவேண்டும். இதற்கு பாக்ஸ் ஸ்குவாட் என்று பெயர், உலகப் புகழ்பெற்ற பவர்லிஃப்டர்களும் பெரிய எடை வைத்துச் செய்கிறார்கள். எடையில்லாமல் செய்தால் எழுபது வயதுப் பாட்டிக்கும் பொருந்தும். இரண்டாவது வாரம் 6 கிலோ டம்பெலைச் செங்குத்தாக, இரண்டு உள்ளங்கையாலும் ஏந்தி நெஞ்சோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னார். கோப்பையை ஏந்துவது போல் பிடிப்பதால் கோப்லெட் ஸ்குவாட். டான் ஜான் என்கிற அமெரிக்கப் பயிற்சியாளர் பிரபலமாக்கியது. நான் பார்த்த அதிசயம், எடை இல்லாமல் இறங்கும்போது பின்னால் சாய்ந்து விழப்பார்த்தவள், எடையோடு இறங்கியபோது நேராக இறங்கினேன். முன்பக்கம் இருக்கும் எடை, பின்னால் போகும் இடுப்புக்கு எதிர் எடையாகிவிடுகிறது. அடியில் போனதும் இரண்டு முழங்கையும் முழங்கால்களுக்கு உள்பக்கம் வரவேண்டும், வந்தால் முழங்கால் தானாகவே வெளிப்பக்கம் விலகியிருக்கிறது என்று அர்த்தம். யாரும் பக்கத்தில் நின்று திருத்தத் தேவையில்லை, இந்த வடிவமே திருத்திவிடும். புதுசாக ஆரம்பிக்கிற எவரும், ஆணோ பெண்ணோ, தோளில் ராடு வைப்பதற்கு முன் இரண்டு மாசமாவது இதைச் செய்யவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

20 கிலோ டம்பெல் வந்தபோது கால் தாங்கியது, கை தாங்கவில்லை. காரணம் இருந்தால்தான் மாற்றுவார் என்று நான் சொன்னது இதைத்தான். கோப்லெட் போதாது என்று உடம்பே சொல்லிவிட்டது, ஆகவே ராடுக்குப் போனோம். அங்கே புதுப் பிரச்சினை. இறங்க இறங்க என் மேல் உடம்பு முன்னால் கவிழ்ந்தது. "நிமிருங்க, நிமிருங்க" என்று பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் சொன்னார்கள், நானும் நிமிர்ந்தேன், நிமிர்ந்தால் குதிகால் தரையை விட்டு எழும்பியது. மாஸ்டர் பக்கவாட்டில் நின்று பார்த்துவிட்டு, எனக்குத் தொடை எலும்பு நீளம் என்றார். ராடு எப்போதும் பாதத்தின் நடுவுக்கு நேர்மேலே இருந்தாகவேண்டும், இல்லாவிட்டால் விழுந்துவிடுவோம். தொடை நீளமானவர்களுக்கு இடுப்பு அதிகம் பின்னால் போகும், அதைச் சரிக்கட்ட மேல் உடம்பு அதிகம் சாய்ந்தே தீரும். அது தப்பில்லை, எலும்பின் அளவு. முதுகு வளையாமல் பலகை மாதிரி நேராக இருந்தால் சரி, சாய்வு எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். எலும்பின் அளவு வேறாக இருக்கும் ஒருவரின் வீடியோவைப் பார்த்து அப்படியே நிற்கமுயன்று முழங்காலைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வழி காட்டினார். ஒன்று, குதிகாலுக்கு அடியில் 2.5 கிலோ பிளேட் ஒவ்வொன்று வைத்துச் செய்வது. கணுக்கால் இறுக்கமாக இருப்பவர்களுக்கும் இது உடனே உதவும். பளுதூக்குபவர்களின் ஷூவில் குதிகால் உயர்ந்திருப்பதும் இதற்குத்தான். இன்னொன்று, ராடைக் கழுத்தடிச் சதை மேல் வைக்காமல் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் கீழே, தோள்பட்டையின் பின்சதை மேல் வைப்பது. கழுத்தடியில் வைப்பதை ஹை-பார் என்றும் கீழே வைப்பதை லோ-பார் என்றும் சொல்கிறார்கள். லோ-பாரில் சாய்வு இன்னும் கூடும், ஆனால் இடுப்பும் பின்தொடையும் வேலையை வாங்கிக்கொள்வதால் நிறைய பேருக்கு அதிக எடை வரும். எனக்கு லோ-பாரில் தோள் வலித்தது, ஹை-பாரும் பிளேட் மிதித்த குதிகாலும் பொருந்திப்போனது. ராடை முன்தோளில் வைத்துச் செய்கிற ஃப்ரன்ட் ஸ்குவாட்டையும் முயன்றேன். அதில் கொஞ்சம் சாய்ந்தாலும் ராடு உருண்டு விழுந்துவிடும் என்பதால் உடம்பு நிமிர்ந்தே இருக்கும், முன்தொடை எரியும். மணிக்கட்டு வளையாததால் கையைக் குறுக்கே கட்டிப் பிடித்துச் செய்தேன், சரிப்படவில்லை, விட்டுவிட்டேன். ஒரு வடிவம் நமக்கு வரவில்லை என்றால் விடுவதில் தப்பே இல்லை.

பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட்டை மட்டும் விடமுடியாது. பின்னங்கால் பாதத்தைப் பெஞ்ச் மேல் வைத்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்குவது. நாலு வருஷத்துக்கு முன் வண்டியிலிருந்து விழுந்ததில் என் இடது முழங்காலில் அடிபட்டது, ஆறிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். இதைச் செய்த முதல் நாள் வலது காலில் 10 முறை இறங்கினேன், இடது காலில் 6 முறைக்கே நடுங்கியது. இரண்டு காலில் நின்று ஸ்குவாட் செய்யும்போதெல்லாம் வலது கால் சத்தமில்லாமல் இடது காலின் பங்கையும் சுமந்திருக்கிறது. இப்போது எப்போதும் இடது காலில் தொடங்குகிறேன், இடது எத்தனை செய்கிறதோ அத்தனைதான் வலதுக்கும். ஐந்து மாசத்தில் இரண்டும் 10க்கு வந்துவிட்டன. இந்த முழங்காலுக்காக எத்தனையோ தைலம் தேய்த்திருக்கிறேன்.

அடுத்தது குனிந்து தூக்குவது, அதாவது டெட்லிஃப்ட். இதில் முழங்காலை மடக்குவது குறைவு, இடுப்பு பின்னால் போகவேண்டும். எவ்வளவு சொல்லியும் எனக்குப் புரியவில்லை. "பீரோ கதவை இடுப்பால சாத்துற மாதிரி, அக்கா" என்றார் மாஸ்டர். சுவருக்கு ஓர் அடி முன்னால் என்னை நிறுத்தி, பின்பக்கத்தால் சுவரைத் தொடச் சொன்னார். தொட்டதும் இன்னும் இரண்டு அங்குலம் முன்னால் நகர்த்தி மறுபடியும் தொடச் சொன்னார். ஓரளவு வந்தது. முழுசாகப் புரிந்தது ஒரு விடிகாலையில், அம்மா வாசலில் கோலம் போடுவதைப் பார்த்தபோது. முழங்கால் லேசாகத்தான் மடங்கியிருக்கிறது, இடுப்பு பின்னால், முதுகு கிட்டத்தட்ட நேராக, எடை முழுவதும் குதிகாலிலும் பின்தொடையிலும். அம்பது வருஷமாக தினமும் செய்யும் அசைவு. ஜிம்மில் அதன் பெயர் ரோமேனியன் டெட்லிஃப்ட்.

அந்தப் பெயர் வந்த கதையும் நன்றாக இருக்கும். நிகு விளாட் என்கிற ருமேனியப் பளுதூக்கும் வீரர், 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர், பின்னர் அமெரிக்காவில் பயிற்சி செய்துகாட்டியபோது ராடைத் தரையில் வைக்காமல் தொடையை ஒட்டியே கீழே இறக்கி ஏற்றினாராம். இது என்ன பயிற்சி என்று பார்த்தவர்கள் கேட்க, அவருக்கு அது முதுகைப் பலப்படுத்தத் தான் வழக்கமாகச் செய்வது, அவ்வளவுதான். அவர் நாட்டின் பெயரையே வைத்துவிட்டார்கள். மேலே நின்ற நிலையில் தொடங்கி, பின்தொடை இழுபடும் இடம் வரைக்கும் இறக்கி, திரும்ப ஏறுவது. புதியவர்கள் தரையிலிருந்து தூக்கும் முன் இதைப் பழகுவது நல்லது, ஏனென்றால் எவ்வளவு தூரம் இறங்குவது என்பது நம் கையில் இருக்கிறது.

தரையிலிருந்து தூக்குவதில் நம்மூர் ஜிம்களில் யாரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. போட்டிப் பிளேட் விட்டம் 45 செ.மீ., அதனால் ராடு தரையிலிருந்து இருபத்திரண்டரை செ.மீ. உயரத்தில் இருக்கும். டெட்லிஃப்ட் என்று வீடியோவில் பார்ப்பதெல்லாம் அந்த உயரத்தில் செய்வதுதான். என்னைப் போல 5 கிலோ, 10 கிலோ இரும்புப் பிளேட் போட்டுத் தொடங்குபவர்களுக்கு ராடு அதைவிட ரொம்பக் கீழே, கிட்டத்தட்ட பாதத்துக்குப் பக்கத்தில் கிடக்கும். அவ்வளவு கீழே போனால் முதுகு வளையாமல் பிடிக்கவே முடியாது. எடை குறைவாகத் தூக்குபவருக்குத்தான் கஷ்டமான உயரம் கிடைக்கிறது, என்ன நியாயம் இது! இரண்டு பக்கமும் பெரிய பிளேட்களைப் படுக்கப்போட்டு அடுக்கி, அதன் மேல் ராடை வைத்துக்கொண்டால் தீர்ந்தது. எங்கள் ஜிம்மில் புதுசாக வரும் பெண்களுக்கு இப்போது நானே அடுக்கிக் கொடுக்கிறேன். காலை அகட்டி, கையை உள்பக்கம் விட்டுத் தூக்கும் சுமோ வடிவத்தில் மேல் உடம்பு அதிகம் நிமிர்ந்திருக்கும், முதுகுக்குச் சுமை குறையும். என்னைப் போல் தொடை நீளமானவர்கள் அதையும் ஒருமுறை முயன்று பார்க்கலாம். பவர்லிஃப்டிங் போட்டியில் இரண்டுக்கும் அனுமதி உண்டு.

டெட்லிஃப்ட் என்றாலே எனக்கு அப்பா ஊர் இளவட்டக்கல் ஞாபகம் வரும். கோயிலுக்கு எதிரே பாதி மண்ணில் புதைந்து கிடக்கும், வழுவழுவென்று உருண்டை, பிடிக்க ஒரு விளிம்புகூடக் கிடையாது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் அணைத்து, முதலில் மடிக்கு, பிறகு நெஞ்சுக்கு, பிறகு தோளுக்கு ஏற்றி, பின்னால் போடவேண்டும். டெட்லிஃப்ட், கோப்லெட் ஸ்குவாட், அப்புறம் தோளுக்கு ஏற்றுவது, மூன்றும் ஒரே கல்லில் இருக்கிறது. அப்பா, சித்தப்பாவெல்லாம் அதைப் பற்றிப் பேசும்போது பெண்பிள்ளைகள் நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்போம். அதைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இப்போது பொங்கலை ஒட்டித் தென்மாவட்டங்களில் சில ஊர்களில் நடக்கும் போட்டிகளில் பெண்களும் இளவட்டக்கல் தூக்குகிறார்கள், பார்க்கும்போது மனசு நிறைகிறது.

"வெயிட் தூக்கினா ஆம்பள மாதிரி ஆயிருவ" என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டாயிற்று. நான் ஒன்பதாவது படிக்கும்போதுதான் 2000 சிட்னி ஒலிம்பிக் நடந்தது. கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவில் ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச்சில் 110, தோளுக்கு ஏற்றிப் பிறகு தலைக்கு மேல் தள்ளும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 130, மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர். பேப்பரில் வந்த அந்தப் படத்தை வெட்டி நோட்டில் ஒட்டியிருந்தேன். அதைப் பார்த்த ஒரு டீச்சர், கராத்தே வேண்டுமானால் கற்றுக்கொள், இது நமக்கு வேண்டாம் என்றார். இருபத்தைந்து வருஷம் கழித்து 8 கிலோ ராடைத் தோளில் வைத்தபோது அந்தப் படம்தான் கண்முன் வந்தது. ஆண்களுக்குப் போல அப்படி உடம்பு பெருக்க நம் ஹார்மோன் விடாது, பயப்படவே வேண்டாம், தைரியமாகத் தூக்குங்கள்.

தள்ளுவது பற்றிச் சுருக்கமாக. தரையில் ஒரு முழு தண்டால்கூட எனக்கு வராது. முழங்காலைத் தரையில் ஊன்றிச் செய்வதைத்தான் பெண்களுக்குச் சொல்லித் தருகிறார்கள், மாஸ்டர் அதை விரும்பவில்லை, அதில் இடுப்பும் வயிறும் சும்மா இருந்துவிடுகின்றன என்பார். அவர் செய்தது இதுதான்: சட்டத்துக்குள் ராடு மேலும் கீழும் மட்டுமே நகரும் ஸ்மித் மெஷினில் ராடை இடுப்பு உயரத்தில் மாட்டி, அதன்மேல் கை வைத்து, உடம்பைச் சாய்த்து நேர்கோட்டில் வைத்துத் தள்ளச் சொன்னார். 3 செட், அதாவது 3 சுற்று, ஒவ்வொன்றிலும் 10 வந்துவிட்டால் ராடை ஒரு துளை கீழே இறக்குவது. அவ்வளவு எளிமை. மேலிருந்து எட்டாவது துளையில் தொடங்கினேன், இப்போது கீழிருந்து மூன்றில் நிற்கிறேன். தரையில் செய்யும்போது உடம்பு எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கை தாங்குகிறது, என் 61 கிலோவுக்கு அது பெஞ்சில் படுத்து 40 கிலோ ராடை மேலே தள்ளுகிற பெஞ்ச் பிரஸ்ஸுக்குச் சமம், ஏன் வரவில்லை என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிட்டது. ராடைத் தலைக்கு மேல் தள்ளும் ஓவர்ஹெட் பிரஸ்ஸும் செய்கிறேன், 12 கிலோ ராடு. ஒருகாலத்தில் அதுவும் ஒலிம்பிக்கில் இருந்தது. பின்னால் வளைந்து வளைந்து அதைப் படுத்துக்கொண்டு செய்யும் பெஞ்ச் பிரஸ் மாதிரி ஆக்கிவிட்டார்கள், நடுவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியாமல்போய் 1972 மியூனிக்கோடு எடுத்துவிட்டார்கள். நானும் எடை கூடும்போது வளைகிறேன், வளைந்தால் நிறுத்திவிட்டு, பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து டம்பெலில் செய்வேன்.

இழுப்பதில், குனிந்து ஒற்றைக் கையால் டம்பெலை இடுப்புப் பக்கம் இழுக்கிற டம்பெல் ரோ எல்லோருக்கும் வரும். தொங்கிக்கொண்டு உடம்பை மேலே இழுக்கிற புல்-அப் பாரில் நாற்காலி போட்டு மேலே ஏறி, தாடை பாருக்கு மேல் இருக்க, ஐந்து எண்ணி மெதுவாக இறங்குவதைத்தான் நான் செய்கிறேன். உள்ளங்கை நம்மைப் பார்க்கிற மாதிரி பிடித்தால் பைசெப்ஸ் அதிகம் உதவுவதால் கொஞ்சம் சுலபம். முழு புல்-அப் இன்னும் வரவில்லை, வரும்.

சரி, எப்போதுதான் மாற்றுவது? நான் நோட்டில் எழுதி வைத்திருப்பதைச் சொல்கிறேன். மூட்டில் வலி வந்தால் அன்றைக்கே மாற்றவேண்டும். எரிச்சல் வேறு, குத்துகிற வலி வேறு, கொஞ்ச நாளில் வித்தியாசம் தெரிந்துவிடும். மூன்று நாலு வாரம் எடையும் ஏறவில்லை, எண்ணிக்கையும் ஏறவில்லை என்றால் பயிற்சியை வீசிவிட்டுப் புதுசு தேடவேண்டியதில்லை, அதற்கு ரொம்ப நெருங்கின வடிவத்துக்குப் போனால் போதும். எனக்கு ஸ்குவாட் 50 கிலோவில் 5 முறை வந்தபிறகு நின்றுவிட்டது, அடியிலிருந்து எழும் இடத்தில் சிக்கிக்கொள்கிறேன். அதனால் இப்போது 40 கிலோ வைத்து, அடியில் போய் மூன்று எண்ணும்வரை அசையாமல் இருந்துவிட்டு எழுகிறேன். சிக்குகிற இடத்தில்தானே நேரம் செலவழிக்கவேண்டும். இன்னொன்று, எடையை ஏற்றும் அளவு. எங்கள் ஜிம்மில் சின்ன பிளேட் 2.5 கிலோதான், இரண்டு பக்கமும் போட்டால் ஒரே தாவலில் 5 கிலோ. ஓவர்ஹெட் பிரஸ்ஸில் 12லிருந்து 17க்கு யாரால் தாவமுடியும்? ஸ்போர்ட்ஸ் கடையில் சொல்லிவைத்து 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன். நான் ஜிம்முக்காக வாங்கியதிலேயே உருப்படியான பொருள் அதுதான். செட்டுக்கும் செட்டுக்கும் நடுவே இரண்டு, மூன்று நிமிஷம் உட்காருங்கள். முந்தைய ஜிம்மில் உட்கார்ந்தாலே திட்டுவார்கள்.

தண்ணீர் கேனைச் சொல்லாமல் விட்டேனே. போன ஜூனில் தூக்கினேன். குத்துக்காலிட்டு, கேனை நெஞ்சோடு அணைத்து, எழுந்து, கவிழ்த்தேன். கோப்லெட் ஸ்குவாட்தான், வேறொன்றும் இல்லை. அந்தத் தம்பிகள் கைதட்டினார்கள்.

அம்மா விஷயத்தைச் சொல்லவேண்டும், இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். அம்மாவுக்கு 67 வயசு. எலும்பு அடர்த்தி குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எல்லோரும் சொன்னது, "எதையும் தூக்காதீங்க, குனியாதீங்க." எனக்கும் முதலில் அதுதான் சரி என்று பட்டது. அப்புறம் லிஃப்ட்மோர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். ஆஸ்திரேலியாவில், 58 வயது தாண்டிய, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவை 8 மாசம், வாரத்துக்கு இரண்டே முறை, அரைமணி நேரம் மட்டும் டெட்லிஃப்ட், ஸ்குவாட், ஓவர்ஹெட் பிரஸ் செய்ய வைத்தார்கள், அதுவும் கனமான எடையில், 5 செட், 5 முறை. பக்கத்தில் பயிற்சியாளர் நின்று பார்த்துக்கொண்டார், முதல் மாசம் லேசான எடையில் அசைவை மட்டும் பழக்கினார்கள். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் அடர்த்தி சராசரியாக 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்த இன்னொரு பிரிவுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. 2018இல் வெளியான ஆய்வு. இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வயதான நம் பெண்களைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லி உட்காரவைத்து உட்காரவைத்தே இன்னும் பலவீனமாக்குகிறோமே.

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, டைனிங் டேபிள் நாற்காலியில் ஆரம்பித்தோம். இரண்டு தலையணை போட்டு உயரமாக்கி, கையை மார்புக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது. முதல் நாள் 5 முறை. இரண்டாவது வாரம் 8. மூட்டு வலித்த நாளில் இன்னொரு தலையணை சேர்த்தோம், நிறுத்தவில்லை. பத்து வந்ததும் ஒரு தலையணையை எடுத்தோம். ஸ்மித் மெஷின் துளை மாதிரியே. நான் ஆபீஸ் கிளம்பும் முன் எதிரில் இன்னொரு நாற்காலி போட்டு நானும் கூட செய்வேன், அம்மா எண்ணுவார்.

நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது நாற்காலி வெறுமனே இருந்தது. "காலையிலேயே எடுத்துட்டேன்டி, பத்து தடவ எந்திரிச்சேன், நீதான் இல்ல பாக்க" என்றார். மறுபடியும் செய்யச் சொன்னேன். மூன்று எண்ணி இறங்கினார், தொட்டதும் எழுந்தார், குதிகால் அசையவில்லை. ராத்திரி 2 கிலோ அரிசியைப் பையில் கட்டி, எப்படி நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். நாளையிலிருந்து அதோடு.